மைசூர் மன்னரும் மெட்னரின் இசைத்தட்டுகளும்

மின்கிதாரையும் முரசுகளையும் கொண்டு பெருமுழக்கமாக இசைக்கும் இளைஞர் குழுக்கள் இன்று நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் உண்டு. அவ்விசைக்கு ‘மெட்டல்’ என்று பெயர். அதன் கிளைகளுள் ‘பவர் மெட்டல்’ என்பது விரிந்த மெட்டையும் உச்சக் குரலையும் நாடுவது. ‘திராஷ் மெட்டல்’ என்பது கடுவிரைவையும் வன்மையையும் நாடுவது. இக்குழுக்களுள் பல, எந்தக் கம்பெனியின் துணையும் இன்றித் தம் கைப்பொருளைக் கொண்டே ‘ஆல்பம்’ வெளியிடுகின்றன. வாங்குவோரோ சிலர். சந்தையில் எளிதில் விலைபோகாத இசையைப் பதிவு செய்ய யார் பொருள் கொடுப்பது என்னும் கேள்வி அவர்கள் முன் எப்பொழுதும் நிற்கிறது. இக்கேள்வி புதியதன்று. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன் மைசூரிலிருந்து இதற்கு ஒரு விடை கிடைத்தது.

அதைக் கூறுமுன் ‘ஆல்பம்’ என்ற சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பழைய இசைத்தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று வீதம் சுழல்வது. பன்னிரண்டு அங்குலத் தட்டாயினும் ஒரு பக்கத்தில் நான்கு அல்லது ஐந்து நிமிட இசையே அடங்கும். அரைமணி நேரத்துக்கு மேற்பட்ட ஒரு படைப்பைப் பதிவு செய்ய வேண்டுமானால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, நான்கு ஐந்து தட்டுகளில் ஏற்ற வேண்டும். அத்தட்டுகளை உறைகளில் இட்டு, படங்களை ஒட்டி வைக்கும் ஏட்டைப் போலக் கட்டி விற்றார்கள். அதனால் அத்தொகுதி ஆல்பம் ஆயிற்று. தட்டுகளின் காலம் மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. அத்தகைய தொகுதி விலையுயர்ந்த பொருள். பெயர் பெறாத ஒருவருடைய இசையை அவ்வாறு வெளியிட எந்த வணிகரும் எளிதில் துணிவதில்லை.

நிக்கோலாய் மெட்னர் என்பவர் 1880-இல் மாஸ்கோவில் பிறந்தவர்; பியானோ வித்துவான்; தம் படைப்புகளில் பெரும்பாலானவற்றை அந்த வாத்தியத்துக்கென்றே இயற்றியவர். உலகப் புகழ் பெற்ற ராக்மானினோவ் இவரைப் பெரிதும் மதித்தார். இருவரும் ஒருவருக்கொருவர் தத்தம் படைப்பொன்றைக் காணிக்கையாக்கியதும் உண்டு. மெட்னர் 1921-இல் ருஷ்யாவை விட்டு வெளியேறினார். பல இடங்களில் வாழ்ந்தபின் இலண்டன் நகரை அடைந்தார். அக்காலத்துப் புதுமை இசை அவருக்கு உடன்பாடன்று; தாம் கற்ற மரபை விடாமல் போற்றினார். ஆகவே புதுமையை நாடியவர்கள் அவரைப் பழையவர் என்று ஒதுக்கினார்கள். ஏனையோர் அவரை அறிந்திலர். இரண்டாம் உலகப் போர் மூண்டதும், ஜெர்மனியிலிருந்த பதிப்பாளர்களிடமிருந்து வந்த வருவாயும் நின்றது. இதயநோயும் சேர்ந்துகொண்டது.

இந்நிலையில் அவருக்குக் கை கொடுத்தவர் மைசூர் மன்னர் ஜயசாமராஜ உடையார். 1919-இல் பிறந்த உடையார், இளமையிலேயே பியானோ பயின்று அதில் தேர்ச்சி பெற்றவர். மேடை வித்துவானாக வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. ஆனால் 1940-இல் தந்தையாரும், பெரிய தந்தையாராகிய நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் அடுத்தடுத்து மறைந்தமையால் இருபத்தொன்றாம் வயதில் அரியணை ஏற நேர்ந்தது. தாம் வாசிக்க விரும்பிய இசையைப் பிறர் வாசிக்கத் துணை செய்வதே அவருக்கு இயலக்கூடியதாயிற்று.

உடையாரின் ஆதரவில் 1946-இல் இலண்டனில் மெட்னர் சங்கம் தோன்றியது. மெட்னரின் படைப்புகள் அனைத்தையும் இசைத்தட்டில் ஏற்றுவது அதன் நோக்கம். ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ நிறுவனம் தட்டுகளை வெளியிட்டது. 1947-இல், அறுபத்தேழாம் வயதில், பியானோவும் பில்ஹார்மோனியா வாத்தியக் குழுவும் சேர்ந்து இசைக்கும் தம் மூன்று பெரும் படைப்புகளையும் மெட்னர் தாமே வாசித்துப் பதிவு செய்தார். நலிந்த உடலோடு செய்த பணி அது. அம்மூன்றனுள் கடைசியானதை மைசூர் மன்னருக்கே அவர் காணிக்கையாக்கினார். மூன்று தொகுதிகள் வெளிவந்தன. 1951-இல் மெட்னர் காலமானார். அனைத்தையும் பதிவு செய்வது என்ற நோக்கம் நிறைவேறாமலே நின்றது. ஆயினும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் இவ்வளவும் கிடைத்திராது என்பதை நாம் மறக்கலாகாது. இயற்றியவரின் கைவிரல்களே தம் இசைக்குச் சொல்லும் பொருள் இன்று நம் செவிக்கு எட்டுகிறது. பிற்காலத்தில் அப்பதிவுகள் குறுந்தட்டுகளாகவும் வெளிவந்தன.

உடையாரின் உதவி இதனோடு முடியவில்லை. ஜெர்மானிய இசை மேதை ரிச்சர்டு ஸ்டிராஸ் 1949-இல் மறைந்த பின், அவருடைய இறுதிப் பாடல்கள் நான்கும் 1950 மே 22-ஆம் நாள் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் முதன்முறையாக அரங்கேறின. அதற்குப் பொருட்பொறுப்பு ஏற்றவரும் உடையாரே. இவ்வளவு மேல்நாட்டுப் பற்று உடையவர் நம் சங்கீதத்தை மறந்தாரோ எனின், இல்லை. கருநாடக இசையில் தொண்ணூற்று நான்கு கீர்த்தனைகளை அவர் இயற்றினார். அவற்றுள் பல, அரிய இராகங்களில் அமைந்தவை. 1964 முதல் 1966 வரை சென்னை இராஜ்யத்தின் ஆளுநராகவும் இருந்தவராதலால், தமிழ் மக்களுக்கும் அவர் அயலாரல்லர்.

இவ்வரலாற்றில் இரு செய்திகள் அடங்கியுள்ளன. பிறந்த மண்ணை விட்டு வேற்று மண்ணில் வாழும் கலைஞனுக்குத் தன் ஊரார் அருகில் இல்லாதபோது, முற்றிலும் வேறொரு மொழியும் மரபும் உடைய ஒருவரே உற்ற இரசிகராக வாய்க்கக் கூடும் என்பது ஒன்று. வேற்று மாநிலங்களில் நம் பாட்டையும் கூத்தையும் காத்து வரும் நம்மனோர்க்கு இது தெம்பளிக்கும் செய்தி. ஒருவரையே நம்பிய கொடைக்கு எல்லை உண்டு என்பது மற்றொன்று. மன்னர் காலம் போயிற்று. அன்று அரண்மனைக் கருவூலம் செய்த வேலையை இன்று பலருடைய சிறுசிறு தொகைகள் சேர்ந்துதான் செய்தாக வேண்டும். முழங்கும் மெட்டல் குழுவாயினும் சரி, நம் சங்கத்து நாதசுர வித்துவானாயினும் சரி, நாம் விரும்பும் கலைஞர் நம்மிடையே இருக்கும்போதே அவர் இசையைப் பதிவு செய்து வைக்க ஆவன செய்தல் நம் கடமை.