விழுந்ததெல்லாம் மலிவு இல்லை!



நான், 67 வயது இல்லத்தரசி. பங்கு மார்க்கெட் சரிந்தாலே, 'இப்ப வாங்கிப் போட்டா லாபம்' என, ஆளாளுக்கு யோசனை சொல்கின்றனர். அப்படி சரிவில் இரண்டு முறை வாங்கியவள் நான். ஒன்று கையைச் சுட்டது. மற்றொன்று கை கொடுத்தது.

கடந்த 2000ல், கம்ப்யூட்டர் கம்பெனி என்று பெயர் இருந்தாலே, பங்கு விலை பறந்தது. நண்பர் பேச்சைக் கேட்டு, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த, 40 ஆயிரம் ரூபாயை, ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் போட்டார் என் கணவர். அந்த மார்ச்சில், அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு, 5,000ஐத் தாண்டியிருந்தது. 2002 அக்டோபரில், 1,100 சொச்சம் தான். இங்கும் அதே கதை.

எங்கள் பங்கு பாதி விலைக்கு வந்தபோது, 'மலிவா கிடைக்குதே... இன்னும் வாங்குங்க' என்று, வளையல்களைக் கழற்றிக் கொடுத்தவளே நான் தான். அடகுக்குப் போன வளையல் திரும்பவில்லை. பாதி, கால் ஆனது. கடைசியில் வெறும் காகிதம் தான் மிச்சம். பி.எப்., கடன் வாங்கி, மகள் கல்யாணத்தை முடித்தோம்.

எல்லாம் போன பிறகு தான், அலமாரியில் கிடந்த ஆண்டறிக்கையைப் பிரித்தேன். விற்பனை என்று காட்டியதில் பெரும்பகுதி, 'வர வேண்டிய பாக்கி!' தலைக்கு மேல் கடன் வேறு. நம்ம தெரு மளிகைக் கடைக்காரர் கூட, வராத பாக்கியை நம்பி கடை நடத்த மாட்டாரே!

கடந்த 2003 ஏப்ரல் 10ல், இன்போசிஸ் பங்கு, ஒரே நாளில், 25 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. 'வரும் ஆண்டில் லாபம், எதிர்பார்த்த வேகத்தில் வளராது' என்பது தான் காரணம். பலரும் பயந்து விற்றனர். நானோ, தெரிந்தவரிடம் ஆண்டறிக்கையை இரவல் வாங்கிப் படித்தேன். கடன் இல்லை, கையில் ரொக்கம் இருந்தது, லாபமும் நிற்கவில்லை.

சீட்டுப் பணத்தில், 10 பங்கு வாங்கப் போவதாகச் சொன்னதும், 'ஏண்டி, பட்டது போதாதா?' என்றார் கணவர்.

'இந்தப் பணம் போனாலும், நம்ம வீட்ல அடுப்பு எரியுங்க. பல வருஷம் இதைத் தொட மாட்டேன்' என்றேன்.

அடுத்த ஆண்டே, ஒன்றுக்கு மூன்று போனஸ் வந்து, 10 பங்கு, 40 ஆனது. 2006ல், 80 ஆனது. 2012ல் அவருக்கு இருதய ஆபரேஷன் என்றபோது, பிள்ளைகளிடம் கை நீட்டாமல், அவற்றை விற்றே செலவைச் சமாளித்தேன்.

சகோதரிகளே... விலை ஏன் விழுந்தது, கம்பெனிக்குக் கடன் எவ்வளவு, போடும் பணம் நமக்கு எப்போது தேவை... இந்த மூன்றையும் பார்க்காமல், சரிவில் இறங்காதீர்கள். நாஸ்டாக், தன் பழைய உச்சத்தைத் தொடவே, 2015 ஆனது. கல்யாணப் பணமும், காலேஜ் பீசும் அத்தனை காலம் காத்திருக்குமா?

— ஒரு வாசகி, மதுரை.