சுராங்கனி (பாடல்)

சுராங்கனி என்பது இலங்கையில் தோன்றி, 1970களில் தமிழ்நாட்டிலும் பரவலாகப் பாடப்பட்ட பைலா வகைப் பாடல் ஆகும். இதனைப் பாடிப் புகழ் பெற்றவர் இலங்கைத் தமிழ்ப் பொப் பாடகரும் நடிகருமான ஏ. ஈ. மனோகரன். தமிழ்நாட்டில் இவர் சிலோன் மனோகர் என அறியப்பட்டார்.

பெயரும் பொருளும்

சுராங்கனி என்பது சிங்களப் பெண் பெயர். தேவமங்கை எனப் பொருள்படும் சுராங்கனா என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. தமிழ்நாட்டில் பலர் இப்பாடலின் பல்லவியைப் பொருளற்ற ஒலிக்கோவை என்றே கருதிப் பாடி வந்துள்ளனர். உண்மையில் அது எளிய பேச்சுச் சிங்களம். சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்ததைச் சொல்வது. பல்லவியில் வரும் 'மாலு' என்பதற்குச் சிங்களத்தில் மீன் என்று பொருள். மாலை என்பதன் திரிபு அன்று.

பைலா மரபு

பைலா என்னும் சொல், ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்து, 1658 வரை கரையோரப் பகுதிகளில் அதிகாரம் செலுத்தினர். அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் தாளமும் போர்த்துக்கேயரின் பாட்டும் கலந்து கபிரிஞ்ஞா என்னும் ஆடலிசை உருவானது. ஆறெட்டுத் தாளத்தில் அமைந்த இவ்விசைக்குச் சிங்களச் சொற்களை அமைத்து, 1940களில் மக்களிடம் கொண்டு சென்றவர் வோலி பஸ்தியன். கேட்பவரைக் கைதட்டவும் ஆடவும் வைக்கும் சுராங்கனியின் துள்ளல் இம்மரபிலிருந்து வந்ததே.

தமிழ்ப் பொப் இசை

1960களின் பிற்பகுதி முதல் இலங்கைத் தமிழரிடையே பொப் இசை வளர்ந்தது. இது துள்ளிசை எனவும் அழைக்கப்பட்டது. சின்ன மாமியே பாடலைத் தந்த நித்தி கனகரத்தினம் இதன் முன்னோடிகளுள் ஒருவர். மனோகரனும் இவ்வலையில் வந்தவரே. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மொழி பெரும் அரசியல் பிணக்காகிவிட்ட நாட்டில், தமிழர் ஒருவர் சிங்களப் பல்லவியைப் பாட, இரு மொழியினரும் அதனை விரும்பிக் கேட்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

திரைப்படத்தில்

1977 இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் இப்பாடல் இடம்பெற்றது. மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடினர். இதனால் இதனைத் திரைப்படத்துக்கென உருவான பாடல் என எண்ணுவோர் உண்டு, அது பிழை. திரைவடிவத்தில் தமிழ் அடிகள் சேர்க்கப்பட்டபோதும் சிங்களப் பல்லவி நீக்கப்படவில்லை. அதே ஆண்டு ஆகத்தில் இலங்கையில் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது.

மனோகரன் இலங்கையில் 'வாடைக்காற்று' (1978) திரைப்படத்திலும், தமிழ்நாட்டில் 'குரு' (1980) முதலிய படங்களிலும் நடித்தார். 2018 சனவரி 22 அன்று சென்னையில் காலமானார்.