கடன் மதிப்பெண்ணும் ஜனங்களின் உரிமையும்

முற்காலத்தில் கடன் கொடுப்போன், கேட்பவனுடைய குலத்தையும் நிலத்தையும் பார்த்தான். இக்காலத்திலோ முதலில் ஓர் எண்ணைப் பார்க்கிறான். 300 முதல் 900 வரையுள்ள அவ்வெண்ணே இன்று நம் தேசத்தில் ஒருவனது நாணயத்திற்கு அளவுகோலாக நிற்கிறது. தவணை தவறாமை, தீராத பாக்கி, கிரெடிட் கார்டு வரம்பில் செலவழித்த பங்கு, அடிக்கடி புதுக்கடன் கோருதல் ஆகிய இவையே அதற்கு ஆதாரம். சம்பளமும் ஜாதியும் அக்கணக்கில் நுழைவதில்லை. அம்மட்டில் அது நன்மையே.

ஆனால் தீர்த்த கடன் தீராததாகப் பதிவாகுமாயின் யோக்கியன் அயோக்கியனாகிறான். பிறருக்கு ஜாமீன் நின்றவன் பெயரிலும் அக்கடன் ஏறுகிறது. காரணமறியாது அவன் பாங்கி வாசலிலிருந்து திரும்புகிறான்.

இதற்குப் பரிகாரமில்லாமலில்லை. 2005-ஆம் வருஷத்துச் சட்டம், தன் பதிவைப் பார்க்கவும் பிழை திருத்தக் கோரவும் நமக்கு உரிமை தந்துள்ளது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கம்பெனிகளும் வருஷம் ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். புகார் செய்து 30 நாளில் தீராவிடின், தாமதத்திற்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டென 2023-இல் ரிசர்வ் பாங்கி விதித்தது.

கேளாதவனுக்கு உரிமை ஏட்டளவே. நேயர்கள் இவ்வருஷமே தத்தம் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்பார்களாக!