அடி இறக்கம்: அறிகுறிகளும் செய்யத்தக்கதும்

பயிரில் நோய் கண்டால் அன்றே மருந்து தேடுகிறோம். பாவில் ஓர் இழை அறுந்தால் அக்கணமே தறியை நிறுத்தி முடிச்சிடுகிறோம். ஆனால் வயலிலும் தறியண்டையிலும் நம்மோடு உழைக்கும் பெண்கள், தம் உடலில் தோன்றிய ஒரு கோளாற்றை ஆண்டுக்கணக்கில் மறைத்து வாழ்கின்றனர். ‘அடி இறங்குதல்’, ‘அடி தள்ளுதல்’ என்று தாழ்ந்த குரலில் சொல்லப்படும் கோளாறே அது. அங்கத்தினர்களின் வீடுகளில் ஆண்களும் பெண்களும் ஒருசேர அறிய வேண்டுமென்றே இதனை எழுதுகிறோம்.

இடுப்புக் கூட்டின் அடியில் தசைகள் ஒரு தூளிபோல் விரிந்துள்ளன. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றை அத்தசைகளும், அவற்றோடு சேர்ந்த நார்களும் தாங்குகின்றன. துணி நைந்தால் தூளி தொய்வதுபோல், இத்தாங்கல் தளர்ந்தால் அவ்வுறுப்புகள் யோனியினுள் இறங்குகின்றன. இறங்குவது கருப்பையாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. முன்சுவரோடு மூத்திரப்பையோ, பின்சுவரோடு மலக்குடலோ பிதுங்கலாம்.

பல பிரசவம் கண்டவர்களிடமும், நெடுநேரம் முக்கியோ ஆயுதம் போட்டோ குழந்தை பெற்றவர்களிடமும், மாதவிடாய் நின்றவர்களிடமும் இது மிகுதி. நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், உடற்பருமன், ஓயாது பாரம் தூக்குதல் ஆகியவை தளர்ச்சியை வளர்க்கும். இது பெண்ணின் நடத்தையால் வருவதுமன்று, முன்வினையால் வருவதுமன்று.

இதனை அறிவது எவ்வாறு? அடிவயிற்றில் பாரம் தொங்குவது போன்றும், கீழே ஏதோ இறங்கி வருவது போன்றும் தோன்றும். குளிக்கையிலோ குந்தியிருக்கையிலோ யோனி வாயிலில் மிருதுவான உருண்டை ஒன்று கைக்குத் தட்டுப்படலாம். நாள் முழுதும் நாற்று நட்டும் குடம் சுமந்தும் உழைத்த மாலையில் தொல்லை மிகும். இரவு படுத்தெழுந்தால் தணியும். இவ்வேறுபாடே நல்லதோர் அடையாளம். இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிதல், கழித்த பின்னும் மிச்சம் இருப்பதாகத் தோன்றுதல், பிதுங்கியதை விரலால் தள்ளினாலன்றிச் சிறுநீரோ மலமோ கழியாமை ஆகியவையும் காணலாம். தொடக்கத்தில் ஒன்றுமே தெரியாதிருப்பதும் உண்டு. வெறும் இடுப்பு வலியை மட்டும் கொண்டு அடி இறக்கம் என முடிவு செய்தல் ஆகாது.

சிறுநீர் அடைபட்டாலும், வெளிவந்த பகுதி உள்ளே போகாமல் வீங்கி வலித்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெளிவந்த பகுதி துணியில் உராய்ந்து புண்ணானாலும், மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டாலும் தாமதியாது காட்ட வேண்டும். அவ்வுதிரம் வேறு நோயின் குறியாகவும் இருக்கலாம்.

இனிச் சிகிச்சை. சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல் அடித்தசைகளை மேல்நோக்கி இறுக்கி, சில விநாடிகள் நிறுத்தித் தளர்த்துக. மூச்சைப் பிடிக்கலாகாது. ஒரு வேளைக்குப் பத்து முறையாக நாளொன்றுக்கு மூன்று வேளை, நான்கு மாதமேனும் செய்துவர, தொடக்கநிலைத் தொல்லை பெரிதும் குறையக்கூடும். தார் சுற்றிக்கொண்டே இதனைச் செய்யலாம், அருகிலிருப்பவருக்கும் தெரியாது. அடுத்த வழி, மருத்துவர் அளவறிந்து உள்ளே பொருத்தும் சிலிக்கோன் வளையம். அதனைக் குறித்த காலத்தில் கழற்றித் தூய்மை செய்து பரிசோதிக்க வேண்டும். இவற்றால் தீராதவருக்கு அறுவை உண்டு. கருப்பையை எடுக்காமலே தூக்கிக் கட்டும் அறுவையும் உண்டு. கருப்பையை எடுத்த பின்னும் யோனியின் மேற்பகுதி இறங்குவதும் உண்டு. ஆகவே எடுத்தே ஆக வேண்டும் என்று முதல் நாளே எவரேனும் கூறினால், வேறு வழி உண்டா என வினவுவதும் இன்னொரு மருத்துவரைக் காண்பதும் தவறாகா.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்வது முதற்படி. சொல்ல நா எழாதவர் இவ்விதழை நீட்டினாலும் போதும்.

வீட்டாருக்கும் கடமை உண்டு. பிரசவித்தவளின் தலையில் ஆறு வாரத்திற்குள் நெற்கட்டையும் தண்ணீர்க் குடத்தையும் ஏற்றலாகாது. மருமகள் கூறுவதை மாமியார் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மாமியார் மறைத்து வைத்திருப்பதை மருமகள் கேட்டறிய வேண்டும். கணவர் சிடுசிடுக்காமல் உடன் சென்று காட்ட வேண்டும். இது வெட்கப்பட வேண்டிய குற்றமன்று; உழைத்த உடலில் நேர்ந்த தளர்ச்சி. அறுந்த இழைக்காகத் தறியை நிறுத்தும் நாம், இதற்காக ஒரு நாள் வேலையை நிறுத்தத் தயங்கலாமா?