தடைப் பட்டியலில் உங்கள் மெயில் சர்வர்: மீள்வது எப்படி?

நீங்கள் அனுப்பிய மெயில் 550 என்ற பிழை எண்ணுடன் திரும்பி வருகிறதா? அதில் ஸ்பாம்ஹாஸ் போன்ற ஒரு பெயரும் உள்ளதா? அப்படியானால் உங்கள் சர்வரின் ஐ.பி. முகவரி ஒரு தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது என்று பொருள்.

இத்தகைய பட்டியலை 1997ல் பால் விக்ஸி தொடங்கி வைத்தார். ஸ்பாம்ஹாஸ் 1998 முதல் இயங்குகிறது. மெயிலைப் பெறும் சர்வர், அனுப்பும் ஐ.பி. எண்களைத் தலைகீழாக மாற்றி, டி.என்.எஸ். வழியாகப் பட்டியலிடம் கேட்கும். 192.0.2.25 என்பது 25.2.0.192 ஆகிவிடும். 127.0.0.4 போன்ற பதில் கிடைத்தால், அந்த முகவரி பட்டியலில் உள்ளது.

ஸ்பாம்ஹாஸ் பட்டியல்களில் மூன்றை அறிந்து கொள்வோம்.

எஸ்.பி.எல்.: ஸ்பாம் அனுப்புவோரின் முகவரிகள்.

எக்ஸ்.பி.எல்.: வைரஸ் போன்றவற்றால் கைப்பற்றப்பட்ட கம்ப்யூட்டர்களின் முகவரிகள்.

பி.பி.எல்.: நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத, வீட்டு இணைப்புகள் போன்றவற்றின் முகவரிகள். இதில் உங்கள் முகவரி இருப்பது குற்றமல்ல. உங்கள் மெயில் சேவையின் சர்வர் வழியாக, பாஸ்வேர்டுடன் 587 போர்ட்டில் அனுப்பினால் போதும்.

நான் பராமரிக்கும் அச்சகம் ஒன்றின் சர்வர் எக்ஸ்.பி.எல்.லில் சிக்கியது. விலைப்புள்ளிகள் வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேராததால் ஆர்டர்கள் நின்று போயின. சர்வரின் லாக் பைலில் ஸ்பாம் அனுப்பிய தடயமே இல்லை. ஆனால், அங்குள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே ஐ.பி. முகவரியில்தான் வெளியே செல்கின்றன. எனவே ரவுட்டரில் 25ஆம் போர்ட்டைக் கவனித்தேன். பில் போடும் கம்ப்யூட்டர் ஒன்று, யாரும் தொடாமலேயே பல சர்வர்களைத் தொடர்பு கொண்டபடி இருந்தது!

உடனே அதன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, டேட்டாவை பேக்கப் எடுத்து, விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்தேன். 25ஆம் போர்ட்டை மெயில் சர்வருக்கு மட்டும் திறந்து வைத்தேன். அதன் பின்னரே ஸ்பாம்ஹாஸ் தளத்தில் முகவரியைக் கொடுத்து நீக்கக் கோரினேன். மறுநாள் மெயில்கள் வழக்கம் போல் சென்றன.

இந்த வரிசை முக்கியம். காரணத்தைச் சரி செய்யாமல் நீக்கச் சொன்னால், முகவரி மீண்டும் பட்டியலில் ஏறிவிடும். எஸ்.பி.எல். என்றால், உங்கள் இன்டர்நெட் நிறுவனம்தான் நீக்கக் கோர வேண்டும். ஸ்பாம்காப் பட்டியலில், புதிய புகார்கள் வராவிட்டால் முகவரி தானாகவே நீங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பாம்ஹாஸ் இதற்குப் பணம் வாங்குவதில்லை. "கட்டணம் செலுத்தினால் நீக்கித் தருகிறோம்" என்று யாராவது மெயில் அனுப்பினால், அதை உடனே அழித்துவிடவும்.