அடுப்படிக்கு உகந்த எண்ணெய் எது?

திருகோணமலையில் எண்ணெய் என்றவுடன் பலரது நினைவுக்கும் வருவன, பிரித்தானியர் தம் கடற்படைக்கெனச் சீனக்குடாவில் அமைத்துச் சென்ற பெரும் எண்ணெய்க் குதங்களே. அவற்றைப் பற்றி நாம் இங்கு எழுதப் புகவில்லை. துறைமுகத்தைச் சூழ வாழும் குடும்பங்களின் அடுப்படியிலே, தாச்சியிற் கொதிக்கும் எண்ணெயைப் பற்றியே சிறிது ஆராய விரும்புகிறோம்.

எள்ளின் நெய்யே எண்ணெய் ஆயிற்று என்பதை மாணவர்கள் அறிவர். பின்னர் ஏனைய வித்துக்களின் நெய்க்கும் அப்பெயர் பொதுவாகிவிடவே, பழைய எண்ணெய் ‘நல்லெண்ணெய்’ எனச் சிறப்புப் பெயர் பெற்றது. இன்றோ கடையிலே தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கச்சான் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், செம்பனை எண்ணெய் எனப் பல வரிசையாக நிற்கின்றன. இவற்றுள் எதை வாங்குவது?

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். எந்த எண்ணெயாயினும் ஒரு கிராமுக்கு 9 கலோரி சக்தியையே தருகின்றது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. ஆகவே, உடலைப் பருக்கச் செய்யாத எண்ணெய் என்று ஒன்று இல்லை. வேற்றுமையெல்லாம் கொழுப்பின் வகையிலேயே உள்ளது.

நிரம்பிய கொழுப்பு மிகுந்தால் இரத்தத்தில் தீய கொலஸ்திரோல் உயர்கின்றது. அதனால் இருதய நாடிகள் அடைபடும் அபாயம் கூடுகின்றது. தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பே. செம்பனை எண்ணெயில் அது ஏறத்தாழ 50 பங்கு; கச்சான் எண்ணெயில் 17; நல்லெண்ணெயில் 14; சூரியகாந்தி எண்ணெயில் 11.

நாளொன்றின் சக்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பிலிருந்து வரலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலிற் கூறியுள்ளது. 2000 கலோரி உண்பவருக்கு இது ஏறக்குறைய 22 கிராம் ஆகும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயே இவ்வளவையும் நிரப்பிவிடும். அதே அளவு நல்லெண்ணெயிலோ 4 கிராம் அளவே உண்டு.

“நம் முன்னோர் தேங்காய் உண்டு நலமுடன் வாழவில்லையா?” என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. பசிபிக் சமுத்திரத்தின் டொக்கலாவு, புக்காபுக்கா தீவுகளின் மக்கள் தேங்காயைப் பேருணவாகக் கொண்டும் இருதய நோய் அரிதாகவே பெற்றிருந்தனர் என 1981இல் வெளியான ஆய்வு கூறியது. ஆனால் அவர்கள் தேங்காயை நாரோடு கூடிய பருப்பாகவும், மீனோடு சேர்த்தும் உண்டவர்கள். எண்ணெயை மட்டும் பிரித்துச் சோதித்தபோது முடிவு வேறாயிற்று. 16 பரிசோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வொன்று, சூரியகாந்தி, சோயா முதலிய எண்ணெய்களினும் தேங்காயெண்ணெய் தீய கொலஸ்திரோலை அதிகம் உயர்த்துவதைக் காட்டியது. நல்ல கொலஸ்திரோலும் சற்று உயர்ந்ததேனும், அது தீமையை ஈடுசெய்யும் என்பதற்குச் சான்றில்லை.

இனி, நம் வீட்டுச் சமையலை நோக்குவோம். காலையிற் பிட்டோடு தேங்காய்ப்பூ, அதற்குச் சொதி, மதியம் பாற்கறியும் சம்பலும். எண்ணெய்ப் போத்தலைத் தொடுமுன்பே தேங்காயின் கொழுப்பு மூன்று வழியால் வந்துவிடுகின்றது. அதன்மேல் மீனையும் தேங்காயெண்ணெயிற் பொரித்தால், ஒரே வகைக் கொழுப்பை இருமடங்காக்குகிறோம். தேங்காயைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. சொதியில் தேங்காய் இருக்கட்டும். தாளிதத்துக்கு நல்லெண்ணெய் இருக்கட்டும் என்பதே நம் கருத்து.

துறைமுகத்தார்க்கு வாய்த்த மற்றொரு நல்ல எண்ணெய் கடலிலேயே உண்டு. சாளை, சூடை, கீரி போன்ற மலிந்த மீன்களின் உடலில் உள்ள ஒமேகா 3 கொழுப்பு இருதயத்துக்கு உற்ற துணை. தாச்சி நிறைந்த எண்ணெயிற் பொரிக்கும்போதோ, மீனின் எண்ணெயில் ஒரு பகுதி வெளியேறத் தாச்சியின் எண்ணெய் உட்புகுகின்றது. ஆதலால் இம்மீன்களைப் புளிவிட்டுக் குழம்பாக்குதலே சிறந்தது.

மேலும், பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுதல் கூடாது. சூரியகாந்தி எண்ணெய் போன்றவை மீண்டும் மீண்டும் சூடேறினால் விரைவிற் கெட்டுத் தீய பொருள்களைத் தோற்றுவிக்கும். புகையும் எண்ணெய், கறுத்த எண்ணெய், நுரைக்கும் எண்ணெய் ஆகியவற்றை ஊற்றிவிடுதலே சிக்கனம். பூஞ்சணம் பிடித்த கொப்பறாவைச் செக்குக்குக் கொடுப்பதும் ஆகாது. 2021 மார்ச்சில், இறக்குமதியான தேங்காயெண்ணெயில் ஈரல் புற்றுநோயை விளைக்கவல்ல அஃபலரொக்சின் நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு நாடே கலங்கியதை வாசகர்கள் மறந்திரார். அந்நஞ்சு பூஞ்சணத்தின் விளைவே.

எண்ணெய்களுள் அமிர்தமும் இல்லை. அளவோடு கொண்டால் ஆலகாலமும் இல்லை. இல்லத்தரசியர் இன்றே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். புதிய போத்தலைத் திறக்கும் நாளை நாட்காட்டியிற் குறித்து வையுங்கள். அது எத்தனை நாளில் முடிகின்றது எனப் பிள்ளைகளைக் கணக்கிடச் சொல்லுங்கள். அடுத்த போத்தல் அதனினும் சில நாள் கூடுதலாக நின்றால், அக்குடும்பத்தின் இருதயத்துக்கு அதுவே நல்லெண்ணெய்.