சிறுவரைப் பற்றும் பேர்க்கிற் நிணநீர்ப் புற்றுநோய்

நோய் தீர்க்க முற்படுவோன் நோயாளியின் நிலை, நோயின் வலிமை, ஏற்ற வேளை ஆகிய மூன்றையும் சேர எண்ணிச் செயலாற்றல் வேண்டும் என்பது திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்த நெறியாகும். இவற்றுள் வேளையின் அருமையை நன்கு உணர்த்துவது, சிறுவரை அரிதாகப் பற்றும் பேர்க்கிற் நிணநீர்ப் புற்றுநோயாகும்.

நிணநீரிலும் குருதியிலும் உலவும் வெண்கலங்கள் உடலைக் காக்கும் காவலராவன. அவற்றுள் ஒருவகைக் கலம் கட்டுப்பாடிழந்து பெருகுவதே இந்நோய். கலப்பெருக்கத்தைத் தூண்டும் பரம்பரையலகொன்று எட்டாம் நிறமூர்த்தத்திலிருந்து பெரும்பாலும் பதினான்காம் நிறமூர்த்தத்திற்கு இடம்பெயர்ந்து, ஓயாது தொழிற்படத் தொடங்குகின்றது. இதனால் நோய்க்கலங்கள் ஓரிரு நாட்களிலேயே இருமடங்காகப் பெருகவல்லன.

அயர்லாந்தில் பிறந்த டெனிஸ் பேர்க்கிற் உகண்டாவின் முலாகோ வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை வைத்தியராயிருந்தார். 1957ஆம் ஆண்டில் தாடை வீங்கிய சிறுவன் ஒருவனைக் கண்டு, அத்தகையோரைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1958இல் இந்நோயை விவரித்து எழுதினார். 1961இல் நண்பர் இருவருடன் பழைய மோட்டார் வண்டியொன்றில் ஏறக்குறைய 16,000 கிலோமீற்றர் பயணஞ்செய்து, வெப்பமும் மழையும் மலேரியாவும் மிகுந்த பகுதிகளிலேயே இந்நோய் மலிந்திருத்தலைக் கண்டறிந்தார். 1964இல் எப்ஸ்டீன், அச்சோங், பார் ஆகியோர் இக்கலங்களில் ஒரு வைரசைக் கண்டனர். ஆபிரிக்காவில் இந்நோயுற்ற சிறுவர் பெரும்பாலோரிடம் அவ்வைரசு காணப்படினும், ஏனைய நாடுகளில் எல்லோரிடத்தும் காணப்படுவதில்லை.

ஆபிரிக்காவில் தாடையில் மிகுதியாகத் தோன்றும் இந்நோய், பிற நாடுகளில் பெரும்பாலும் வயிற்றினுள்ளேயே வளர்கின்றது. வயிற்று வீக்கம், நோவு, வாந்தி, குடலடைப்பு என்பன அதன் குறிகள்.

அக்காலத்து உகண்டாவில் கதிர்ச் சிகிச்சைக்கு வசதியின்மையால் பேர்க்கிற் மருந்துகளையே நாடினார். கட்டிகள் வியக்கத்தக்கவாறு கரைந்தன. விரைந்து பெருகும் கலமே மருந்துக்கும் விரைந்து இரையாகும் என்பது இதன் காரணம். இன்று சைக்ளோபொஸ்பமைட், வின்கிறிஸ்டீன், மெதோற்றெக்சேற் முதலிய மருந்துகள் சில மாதங்களுக்குச் செறிவாக அளிக்கப்படுகின்றன. நோய் மூளைக்குப் பரவாவண்ணம் முதுகுத்தண்டு நீரிலும் மருந்து செலுத்தப்படுகின்றது. கட்டி திடீரெனக் கரையுங்கால் வெளிப்படும் கழிவுகள் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யுமாதலின், முதல் நாட்களில் குருதிநாளம் வழியே நிறைய நீரேற்றி, இடைவிடாது கண்காணித்தல் இன்றியமையாதது.

பயன் யாது? 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் நோய் முற்றிய 328 சிறுவர் சேர்க்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பேர்க்கிற் நோயாளர். மருந்துகளோடு ரிற்றுக்சிமாப் என்பதையும் பெற்றோருள் மூன்றாண்டின் பின் நூற்றுக்கு 93.9 பேர் நோய் மீளாது இருந்தனர், பெறாதோருள் 82.3 பேர். வறிய நாடுகளிலோ பிழைப்போர் தொகை மிகக் குறைவு. காலந்தாழ்த்தி வருதலும், சிகிச்சையை இடைநிறுத்தலும், தொற்றுநோயும் அதன் காரணங்கள். எனினும் வசதி குறைந்தவிடத்தும் முறையான திட்டம் பயன்தரும். 1980களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், மும்பை, டில்லி வைத்தியசாலைகளும் சிறுவரின் குருதிப் புற்றுநோய்க்குப் பொதுத் திட்டமொன்றைக் கைக்கொண்டு நற்பயன் கண்டன.

இலங்கையில் சிறுவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தலையாய இடம் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையாகும். அரசின் சிகிச்சை இலவசமெனினும், திருக்கோவில், கல்முனைக் கரையிலிருந்து ஒரு தாய் தன் பிள்ளையுடன் அங்கே மாதக்கணக்கில் தங்குவதாயின், வீட்டில் எஞ்சிய பிள்ளைகளைப் பேணுவோர் யார், நாட்கூலியை இழப்போர் யார் என்னும் வினாக்கள் எழும். பிள்ளையின் வயிற்று வீக்கத்தைப் பூச்சியென்றோ கண்ணூறு என்றோ எண்ணி ஒரு வாரம் கழிப்பது, நோய்க்குப் பன்மடங்கு பெருக அளிக்கும் தவணையாகும்.

ஆதலின் சில நாட்களில் வளர்ந்து தோன்றும் வீக்கத்தைக் கண்டவுடன் வைத்தியரை நாடுதல் பெற்றோர் கடன். நாள்தோறும் மாணவரைக் காணும் ஆசிரியர் அதனைச் சொல்லத் தயங்கலாகாது. தொடங்கிய சிகிச்சை நிறைவெய்தும்வரை அக்குடும்பத்தைத் தாங்குதல் ஊரவர் கடன். மருந்து உண்டு; அது பிள்ளையை வேளையோடு சென்றடைதல் வேண்டும்.